210, பௌபஜார் தெரு

பிப்ரவரி 24, ரயிலில்

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நெல்லூரைத் தாண்டுவதற்குள் என் வீட்டுக்காரர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். மதியத்துக்கென்று கட்டி வந்தது. "ரயில்ல ஏறினாலே பசிக்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்கிறார். நாளை முற்பகல்தான் போய்ச் சேருவோம். ஆந்திராவும் ஒடிசாவும் முழுசாக இன்னும் பாக்கி இருக்கின்றன.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன். வருஷா வருஷம் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். சார்ட் பேப்பர், தெர்மாகோல் எரிமலை, ராமன் படத்துக்கு ஒரு மாலை, தலைமையாசிரியர் உரை, கடைசியில் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், கூட இன்னொருத்தர் இருந்தாராமே, நம்ம ஊர்க்காரர். அவர் படம் எங்க?" என்று கேட்டான். எங்கள் ஊர் வத்திராயிருப்பு. அவன் கேட்டது கே. எஸ். கிருஷ்ணனைப் பற்றி. 1898-இல் இங்கே பிறந்தவர். 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து, 'ராமன் விளைவு' என்று பேர் வாங்கிய அந்த ஒளியைப் பார்த்தவர். பள்ளியில் அவர் படம் இல்லை. அடுத்த வருஷம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அச்செடுத்து ஒட்டினேன். அதற்கு மாலை போடத்தான் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

ஓய்வு பெற்றால் ஒரு பிப்ரவரி 28-ஆம் தேதி, கல்கத்தாவில் அவர்கள் அதைப் பார்த்த இடத்திலேயே போய் நிற்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அறிவியல் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனுஷன். ரசகுல்லா வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறேன்.

பையில் என் 'நிறமாலைமானி' இருக்கிறது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி. பெரிய பேர்தான், ஆனால் ஊதுபத்தி டப்பா ஒன்று. ஒரு முனையில் இரண்டு பழைய பிளேடை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டி, மறுமுனையில் உடைந்த சிடியின் ஒரு துண்டைச் சாய்த்து வைத்து, மேலே கண் வைக்க ஓட்டை போட்டது. ரயிலேறும் முன் பையைச் சோதித்தவர் பிளேடைப் பார்த்ததும், "என்னம்மா இது?" என்று முகம் சுளித்தார். மேலே எரிந்த எல்இடி விளக்கைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "அட, வானவில்லு." பின்னால் வரிசையில் நின்றவரையும் கூப்பிட்டுக் காட்டினார். எங்களை விட்டுவிட்டார்.

பிப்ரவரி 25, லேக் மார்க்கெட்

முற்பகலில் ஷாலிமார். மஞ்சள் டாக்ஸிக்காரரிடம் இவர் இந்தி பேசினார், அவர் வங்காளம் பேசினார். சண்டை வராதது ஆச்சரியம்.

தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் அறை எடுத்திருக்கிறோம். தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கும் இடம். வாழைத்தாரும் மல்லிகைச் சரமும் கருவேப்பிலையும் விற்கும் சந்தை, பக்கத்திலேயே பில்டர் காபி. அறை விஷயத்தில் ஒரு குளறுபடி நடந்தது. முன்பணம் கட்டிய இடத்தில் எங்கள் பெயரே பதிவில் இல்லை என்றார்கள். அரை மணி நேரம் நின்ற பிறகு ஜன்னல் இல்லாத அறை ஒன்று கிடைத்தது. இவர் ரசீதை எடுத்து, இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு, ஜன்னல்தான் உதைக்குது" என்றார்.

சாயங்காலம் படுத்தே கிடந்தோம். பனைவெல்லம் போட்ட சந்தேஷ் குளிர்காலத்தில்தான் கிடைக்குமாம். கடைசி நாட்களில் வந்து சேர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம். இவர் ஐந்து சாப்பிட்டார். ரசகுல்லா இன்னும் பாக்கி என்றும் சொல்லி வைத்தார்.

பிப்ரவரி 26, ஆச்சார்யர்களின் சாலை

சியால்டாவில் இறங்கி வடக்கே நடந்தோம். பழைய அப்பர் சர்க்குலர் ரோடு இப்போது ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரோடு. லோயர் சர்க்குலர் ரோடு ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் ரோடு. ஒரே வளையச் சாலையை இரண்டு விஞ்ஞானிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் போஸின் வீடும் அவர் கட்டிய ஆய்வு நிலையமும் பிரபுல்ல சந்திர ரேயின் சாலையில்தான் இருக்கின்றன.

ரேயும் அங்கேயேதான் வாழ்ந்தார். பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியின் மாடியில் ஓர் அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபது வயதுக்கு மேல் வந்த சம்பளத்தைக் கல்லூரிக்கே விட்டுக்கொடுத்தார். 1944-இல் இறந்ததும் அந்த அறையிலேயே. 1896-இல் பாதரச நைட்ரைட்டைத் தயாரித்து உலகத்துக்குச் சொன்ன வேதியியலாளர் அவர். 1901-இல் பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1922-இல் வடவங்காளத்தில் வெள்ளம் வந்தபோது சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டு நிவாரணத்துக்குத் துணியும் பணமும் திரட்டினார். சாதியை எதிர்த்து மேடை மேடையாகப் பேசினார். ரேயை விஞ்ஞானிகள் பட்டியலில் வைப்பதா, சீர்திருத்தக்காரர் பட்டியலில் வைப்பதா? பள்ளியில் படம் ஒட்டும்போது எனக்கு இந்தக் குழப்பம் வந்ததுண்டு. இங்கே நின்று பார்த்தால் கேள்வியே அபத்தமாக இருக்கிறது.

போஸ் ஆய்வு நிலையத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தோம். 1917 நவம்பர் 30, தன் 59-ஆவது பிறந்தநாளில் போஸ் இதைத் திறந்தார். நுழைவிடத்தில் கையில் விளக்கோடு ஒரு பெண்ணின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது, சகோதரி நிவேதிதாவின் நினைவாக. இந்த நிலையம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். 1911-லேயே போய்விட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. நம் பாரதி கல்கத்தா வந்தபோது நிவேதிதாவைச் சந்தித்துத்தான் குருவாக ஏற்றார். "மனைவியை ஏன் அழைத்து வரவில்லை?" என்று நிவேதிதா கேட்டதாகச் சொல்வார்கள். இதைச் சொன்னதும் இவர், "பாத்தியா, நான் பொண்டாட்டி கூடத்தான் வந்திருக்கேன்" என்றார். யார் யாரைக் கூட்டி வந்தது என்று நான் திருத்தவில்லை.

போஸைப் பற்றி இவருக்குப் பிடித்துப்போனது இரண்டு விஷயம். ஒன்று சம்பளக் கணக்கு. பிரசிடென்சி கல்லூரியில் ஆங்கிலேயருக்குக் கொடுப்பதைவிட இந்தியருக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். போஸ் மூன்று வருஷம் சம்பளத்தைத் தொடவே இல்லை. பாடம் மட்டும் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது. "அரியரோடயா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார் இவர்.

இரண்டாவது ரயில்வே கால அட்டவணை. போஸ் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். அவற்றை ஒரே திசையில் அதிர வைக்க ஒரு கருவி வேண்டும். பிராட்ஷா என்ற பழைய ரயில் அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ஈயத்தாளைச் செருகினார். கருவி தயார். சணலை முறுக்கிக் கட்டி இன்னொன்று செய்தார். 1895 வாக்கில் டவுன்ஹாலில் லெப்டினன்ட் கவர்னரின் உடம்பு வழியாகவே அலையை அனுப்பி, அந்தப் பக்கம் மணி அடிக்க வைத்தாராம். வீட்டில் மூன்று பழைய ரயில் அட்டவணைகளை இவர் சேர்த்து வைத்திருக்கிறார். எடைக்குப் போடச் சொல்லி நான் பல வருஷமாகச் சண்டை போடுகிறேன். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

எனக்குப் பிடித்த போஸ் செடிகளின் போஸ். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் செய்தவர். அவருடைய சோதனைக்கு அதிகமாக ஆளானவை தொட்டாற்சிணுங்கியும் தொழுகண்ணியும். தொட்டால் இலை மூடும்போது செடிக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்று அளந்து சொன்னார். அன்றைக்கு வெளிநாட்டில் பல பேர் நம்பவில்லை. செடிக்கு நரம்பா என்று சிரித்தார்கள். அவர் சொன்ன எல்லாமே நிலைத்துவிடவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2022 நவம்பரில் ஜப்பானியக் குழு ஒன்று ஒளிரும் புரதத்தைத் தொட்டாற்சிணுங்கிக்குள் வைத்து, இலையைச் சீண்டிப் படம் எடுத்தது. கால்சியம் சமிக்ஞையும் மின் சமிக்ஞையும் காம்பு வழியே சேர்ந்தே ஓடுகின்றன. அவை இலையின் மூட்டுக்கு வந்ததும் இலை மடிகிறது. கண்ணால் பார்க்கலாம்.

அதோடு விடவில்லை. மரபணுவைத் திருத்தி, மடங்கவே மடங்காத தொட்டாற்சிணுங்கி ஒன்றை வளர்த்தார்கள். இரண்டையும் வெட்டுக்கிளியிடம் கொடுத்தார்கள். மடங்காததைத்தான் வெட்டுக்கிளி அதிகம் தின்றது. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் அந்தச் செடி படர்ந்து கிடக்கும். அது ஏன் மூடுகிறது என்று கேட்டால், "வெக்கப்படுது" என்பாள் அப்பத்தா. வெட்கம் இல்லை அப்பத்தா, சாமர்த்தியம்.

கிளம்பும் முன் ஒரு பெயர். போஸின் மனைவி அபலா. 1882-இல் அவர் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டபோது கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் எங்கே போனார் தெரியுமா? சென்னைக்கு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. உடம்பு முடியாமல் படிப்பு பாதியில் நின்றது. பிறகு வங்காளத்தில் பெண்கல்விக்கென்று சங்கம் தொடங்கி, கிராமங்களில் பள்ளிக்கூடம் திறந்து, விதவைகளுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார். நான் இப்போது வந்த அதே கடற்கரை ஓரமாக, எதிர்த்திசையில், பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி போயிருக்கிறாள். என்ன துணிச்சல்.

பிப்ரவரி 27, கல்லூரித் தெரு

இன்று முதலில் போன அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. எது என்று சொல்லப்போவதில்லை. திறந்திருக்கும் என்று போனில் சொன்னவரும் கேட்டில் இருந்த காவலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வெயிலில் நின்றுவிட்டு நடையைக் கட்டினோம்.

ராஜா ராம்மோகன் சரணி என்ற தெரு வழியாக நடந்தோம். முன்பு இதற்கு ஆம்ஹெர்ஸ்ட் தெரு என்று பெயர். இதில் ஒரு கதை இருக்கிறது. ராம்மோகன் ராயை நாம் உடன்கட்டையை ஒழிக்கப் போராடியவர் என்றே படிக்கிறோம், 1829 சட்டம். அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1823 டிசம்பரில், கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அரசு புதிதாக ஒரு சமஸ்கிருதக் கல்லூரி தொடங்கவிருந்தது. அந்தப் பணத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உடற்கூறியல் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டார். ஆம்ஹெர்ஸ்ட் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருஷமே சமஸ்கிருதக் கல்லூரி திறந்தது. இன்றைக்குத் தெருப்பலகையில் ஆம்ஹெர்ஸ்டின் பெயர் போய், கடிதம் எழுதியவரின் பெயர் இருக்கிறது. தாமதமான பதில்தான்.

அந்தச் சமஸ்கிருதக் கல்லூரிக்கே பிறகு முதல்வராக வந்து, பிராமணர் அல்லாத பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வரக் காரணமானவர். சட்டம் வந்தால் போதாது என்று, அந்த டிசம்பரிலேயே முதல் கல்யாணத்தையும் நடத்தி வைத்தார். பெத்யூன் பள்ளிக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டியின் பக்கவாட்டில் ஒரு சமஸ்கிருத வரி எழுதியிருந்தது. பெண்ணையும் இதே போல் பேணி, கவனமாகக் கற்பிக்க வேண்டும் என்று அர்த்தம். சாஸ்திரம் பேசி வம்புக்கு வருகிறவனுக்குச் சாஸ்திரத்திலிருந்தே பதில். கல்லூரிச் சதுக்கத்துக் குளக்கரையில் அவர் சிலை இருக்கிறது. பக்கத்துக் குளத்தில் பையன்கள் நீச்சல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெத்யூனிலிருந்து வந்தவர் காதம்பினி கங்குலி. அபலா சென்னைக்குப் போன பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரி மனம் மாறியது. காதம்பினி சேர்ந்து 1886-இல் மருத்துவரானார். ராத்திரியில் பிரசவம் பார்க்க வீடு வீடாகப் போகிறவர் என்பதால் ஒரு பத்திரிகை அவரை இழிவாக எழுதியது. அவரும் கணவர் துவாரகநாத்தும் வழக்குப் போட்டார்கள். ஆசிரியருக்கு நூறு ரூபாய் அபராதம், ஆறு மாதம் சிறை. இவர் கேட்டார்: "அந்தக் காலத்து நூறு ரூபாயா?" ஆமாம், அந்தக் காலத்து நூறு ரூபாய்தான்.

மருத்துவக் கல்லூரிக்கும் பிரசிடென்சிக்கும் நடுவே புத்தகக் கடைகள். நடைபாதையே தெரியாத அளவுக்குப் புத்தகம். கொஞ்சம் உள்ளே போனால் ஈடன் இந்து விடுதி. மேக்நாத் சாகா 1911-இல் இங்கே தங்கிப் படிக்க வந்தார். டாக்கா பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன். தாழ்ந்த சாதி என்று சொல்லி, சாப்பாட்டுக் கூடத்தில் கூட உட்கார்ந்து சாப்பிட மற்ற மாணவர்கள் விடவில்லை. அந்தப் பிள்ளைதான் 1920-இல், நட்சத்திரத்தின் வெப்பத்தில் அணுக்கள் எந்த அளவுக்கு எலக்ட்ரானை இழக்கும் என்று கணக்கிடும் சமன்பாட்டைக் கொடுத்தார். அதை வைத்துத்தான் 1925-இல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் பெரும்பங்கு ஹைட்ரஜன் என்று கண்டுபிடித்தார். இப்போது நம் ஆதித்யா எல்1 விண்கலம் சூரியனின் வெளிப்புற வாயுவைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரி 6-இல் போய் நிலைகொண்டது. திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. எந்த அயனி எந்த வெப்பத்தைச் சொல்கிறது என்று படிக்கும் வித்தைக்கு அரிச்சுவடி எழுதியவர், இந்த விடுதியில் தட்டைத் தனியாக எடுத்துப் போனவர்.

சாகா வேறு ஒரு வம்பையும் இழுத்தார், பஞ்சாங்கம். 1952-இல் அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். நாட்டில் அப்போது முப்பது விதமான நாட்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. இரவும் பகலும் சமமாகும் மார்ச் நாளில் தொடங்க வேண்டிய வருஷம், பழைய கணக்கைத் திருத்தாததால் 23 நாள் தள்ளிப்போய் ஏப்ரல் நடுவில் நிற்கிறது என்றார். 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி வந்தது. அரசிதழில் இன்றும் இருக்கிறது. யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது? எங்கள் வீட்டிலும் தினசரி கிழிப்பது வழக்கமான பஞ்சாங்க காலண்டர்தான். சித்திரை ஒன்று ஏப்ரல் 14-தான். சாகா மன்னிக்க வேண்டும்.

நா வறண்டுவிட்டது. குளத்தை ஒட்டி பாரமவுண்ட் என்று 1918-இல் தொடங்கிய சர்பத் கடை. இளநீர் சர்பத் கேட்டோம். ஐஸும் இளநீரும் வழுக்கையுமாக உயரமான கண்ணாடி டம்ளரில் வந்தது. இதைச் செய்யும் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தது பிரபுல்ல சந்திர ரே என்று சொல்கிறார்கள். காசில்லாத மாணவர்களுக்கு வயிறு நிறைய வேண்டுமாம். நேற்று அவர் அறையைப் பற்றிக் கேட்டபோது அசையாத இவர், இன்று டம்ளரைக் கவிழ்த்து வழுக்கையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பெரிய விஞ்ஞானிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 28, பௌபஜார்

காலையில் எழுந்ததிலிருந்து எனக்குப் படபடப்பு. கிளம்பும்போது ஊதுபத்தி டப்பாவை மறந்து, பாதிப் படி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறினேன்.

இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் இப்போது ஜாதவ்பூரில் இருக்கிறது. இன்று அங்கே போவதுதான் முறை என்று மகள் போனில் சொன்னாள். நான் பழைய முகவரிக்குத்தான் போக வேண்டும் என்றேன். 210, பௌபஜார் தெரு. இப்போது பிபின் பிஹாரி கங்குலி தெரு. சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் நகைக் கடை. கடைக்குக் கடை வளையல் அடுக்கு. இவர் என் கையைப் பிடித்து நடுத்தெருப் பக்கமாகவே கூட்டிப் போனார்.

சங்கத்தைத் தொடங்கியவர் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர். இந்தியர்கள் தாங்களே நடத்தி, தாங்களே ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்று வருஷக்கணக்கில் நன்கொடை திரட்டி, 1876 ஜூலை 29-இல் திறந்தார். வித்யாசாகரும் பிரம்ம சமாஜத்தின் கேசவ சந்திர சென்னும் அவருக்குத் துணை நின்றவர்கள். பெண்ணுக்கு எந்த வயதில் கல்யாணம் செய்யலாம் என்று கேசவ சென் மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டபோது, உடற்கூறு பார்த்து 16 என்று சொன்னவர் இதே சர்க்கார். 1872-இல் வந்த சட்டம் 14-இல் நின்றுவிட்டது. சங்கமும் அவர் ஆசைப்பட்டபடி நடக்கவில்லை. சொற்பொழிவு நடந்தது, ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லை. 1904-இல் மனக்குறையோடு இறந்தார்.

மூன்று வருஷம் கழித்து, 18 வயதுப் பையன் ஒருவன் கணக்குத் துறையில் அதிகாரியாகச் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். திருவானைக்காவலில் பிறந்தவன். வேலைக்குப் போகிற வழியில் டிராமிலிருந்து சங்கத்தின் பலகையைப் பார்த்தான். கதவைத் தட்டினான். திறந்தவர் ஆசுதோஷ் தே. உள்ளே சர்க்காரின் மகன் அமிர்தலால். அப்பா முப்பது வருஷமாக எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டான். அப்புறம் கல்கத்தாவில் இருந்த வருஷமெல்லாம் விடியற்காலை சங்கம், பகலில் கணக்கு அலுவலகம், சாயங்காலத்திலிருந்து மறுபடி சங்கம். 1917-இல் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, அதைவிடக் குறைவான சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார் ராமன்.

எண் 210. கண்டுபிடித்துவிட்டோம். பழைய கட்டடம் இல்லை. அந்த இடத்தில் இருப்பது கோயங்கா வணிகவியல் கல்லூரி.

இவர் பலகையை நிதானமாகப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏம்மா, உங்க ராமன் கணக்கை விட்டுட்டு ஓடிவந்த எடத்துல இப்ப கணக்குல்ல சொல்லித் தர்றாங்க!" ரோட்டில் நின்று சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்.

ஓரமாக நின்று அவருக்குச் சொன்னேன். வகுப்பில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். திரவத்துக்குள் போகும் ஒளியில் கொஞ்சம் சிதறும். சிதறியதில் ஏறக்குறைய எல்லாமே போன நிறத்திலேயே வெளியே வரும். கோடியில் ஒன்றுதான் மூலக்கூறுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, அல்லது அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு, நிறம் மாறி வரும். "கமிஷன் மாதிரி" என்றார் இவர். ஆமாம், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கமிஷன் விகிதம். அதை வைத்து இது பென்சீன், இது தண்ணீர் என்று ஆளைச் சொல்லிவிடலாம். கோடியில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் திரவத்தில் ஒரு தூசு இருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்து, இருட்டில் கண்ணைப் பழக்கிப் பார்த்தவர் எங்கள் வத்திராயிருப்புக்காரர். ஏறக்குறைய 60 திரவங்கள். முதலில் தொலைநோக்கி வில்லையால் குவித்த வெயில், பிறகு பாதரச விளக்கு. கருவிகளின் மொத்த விலை 200 ரூபாய் தேறாது என்பார்கள். பிப்ரவரி 28 அன்று, பாதரச விளக்கின் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறக் கோடுகளுக்குப் பக்கத்தில், இருக்கக் கூடாத புதுக் கோடுகள் தெரிந்தன. நேச்சர் இதழுக்குப் போன முதல் கடிதத்தில் இரண்டு பேரின் கையெழுத்தும் உண்டு. 1930-இல் நோபல் ஒருவருக்கு.

கிருஷ்ணன் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதாக நான் எங்கும் படித்ததில்லை. டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார், தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். குறைப்படுவது நான்தான்.

அதே நேச்சரில் 2025 செப்டம்பரில் ஒரு கட்டுரை வந்தது. செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி கண்ட ஒரு பாறை, மேலே சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள். அந்தப் பாறையில் கரிமப் பொருள் இருப்பதைப் பிடித்தது ஊர்தியின் கையில் இருக்கும் ராமன் நிறமாலைமானி. பழங்காலத்து நுண்ணுயிர் விட்டுப்போன தடமாக இருக்கலாம், வேறு வேதிவினையாகவும் இருக்கலாம் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பாறையிலிருந்து எடுத்த மாதிரி இங்கே வந்து சேர்ந்தால்தான் உறுதியாகும். இந்தத் தெருவில் பார்த்த கோடுகள் செவ்வாய் வரைக்கும் போய்விட்டன.

டப்பாவை எடுத்தேன். நகைக் கடை விளக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் எல்இடி. சிவப்பிலிருந்து நீலம் வரை இடைவெளி விடாத பட்டை, வானவில். எனக்கு வேண்டியது கோடு. தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். இவருக்குக் கால் வலித்தது. வாக்குக் கொடுத்த ரசகுல்லாவை வாங்கி வாயை அடைத்தேன்.

ஒரு டீக்கடை. மண் குவளையில் டீ. மேலே புகையேறிய பழைய டியூப் லைட் ஒன்று, பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. டியூப் லைட்டுக்குள் இருப்பது பாதரச ஆவி. டப்பாவைக் கண்ணில் வைத்தேன். மங்கலான பட்டைக்கு நடுவே, பிளேடால் கீறியது போல ஒரு பச்சைக் கோடு. தள்ளி ஒரு நீலக் கோடு. 1928-இல் அவர்கள் பார்த்த அதே பாதரசத்தின் கோடுகள். பக்கத்தில் இருக்கும் புதுக் கோடு என் ஊதுபத்தி டப்பாவுக்கு எட்டாது, அது தெரிந்ததுதான். ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன் எட்டிப் பார்த்தான். கொடுத்தேன். ஒரு கண்ணை மூடி, விளக்கைப் பார்த்தான். அவன் வங்காளத்தில் ஏதோ சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார். அவர் கைக்கு டப்பா போனது. அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கைக்கு. இவர் என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டு, "திரும்பி வருமா அது?" என்று கேட்டார்.